பெட்டிக்கு முன்னால் நிற்காதீர்கள்

மேடையைத் தாங்கிக்கொண்டிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, தலைவரையே தாங்கிக்கொண்டிருக்கும் எர்ணாவூர்த் தோழர்களே, முன்வரிசையில் கலங்கி அமர்ந்திருக்கும் வரதனின் துணைவி, தங்கை பவுனம்மாளே! வணக்கம்.

நம் ஒலிபெருக்கிச் செயலாளர், முழக்கச் சக்கரவர்த்தி தோழர் வரதன் மறைந்துவிட்டார். அவர் உருட்டி வந்த ஒலிபெருக்கிப் பெட்டி இதோ நிற்கிறது. நாளைக் காலை ஆலை வாசலில் நமக்குக் கூட்டம். வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்களின் குரல், மாடியில் இருக்கும் மேலாளர் காதுக்கு எட்ட வேண்டும். பெட்டியை யார் பார்த்துக்கொள்வது?

வரதன் என்ன சாமானியரா? அவர் பெட்டியைத் திறந்தால், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நடுக்கடலில் போகும் கப்பல் திரும்பி வரும்!

குரல் விட்டுவிட்டு வந்தால் நாம் என்ன செய்வோம்? பெட்டியை அறைவோம். வரதன் மைக்கின் பேட்டரியை மாற்றுவார். அப்படியும் சரியாகவில்லை என்றால் பேச்சாளரின் கையைப் பார்ப்பார். நம் தலைவர் கம்பியில்லா மைக்கின் அடிப்பாகத்தைக் கோழியைப் பிடிப்பதுபோல் பிடித்திருப்பார். “தலைவரே, ஏரியல் அங்கதான் கீது. கைய மேல எடு. அது இன்னா முதலாளி கழுத்தா?” என்பார்.

திருவொற்றியூர்க் கூட்டத்தை மறக்க முடியுமா? நாம் இங்கே, “முதலாளியே, வெளியே வா!” என்று முழங்குகிறோம். அது பக்கத்துக் கல்யாண மண்டபத்துப் பெட்டியில் கேட்கிறது. பெண்ணின் அப்பா கும்பிட்டபடி ஓடி வருகிறார்! நம் பெட்டியிலோ, “எல்லாரும் பந்திக்கு வாங்க!” நம் தோழர்களில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். இரண்டு மைக்கும் ஒரே சேனல். வரதன் பதறவில்லை. நம் மைக்கிலும், அதன் ஒலியை வாங்கும் சின்னப் பெட்டியிலும் சேனலை மாற்றினார். மாற்றிவிட்டுத்தான் அவரும் பந்திக்குப் போனார்.

அப்பேர்ப்பட்ட வரதன்... ஐயோ! பெட்டி கூவுகிறதே! யாராவது வாருங்களேன்! தங்கை ஏதோ சொல்கிறாள். சத்தமாகச் சொல்லம்மா!

“அண்ணே, பொட்டிக்கு முன்னாடி நின்னுகினு கத்தினா அது கூவாம இன்னா பண்ணும்? பின்னாடி வா! சவுண்ட கொஞ்சம் கம்மி பண்ணு!”

வந்துவிட்டேன். குறைத்துவிட்டேன். ஆகா, அடங்கிவிட்டது! இதெல்லாம் உனக்கு எப்படியம்மா தெரியும்?

“வூட்ல மைக்க யார் கையில குடுத்து டெஸ்ட் பண்ணாரு? அடுப்புல சோறு கொதிக்கும், நான் ‘அலோ அலோ’ன்னு கத்திகினு நிப்பேன்.”

கேட்டீர்களா தோழர்களே! நான் மேடையில் நின்று தேடிய ஆள் முன்வரிசையில் இருந்திருக்கிறார். நாளைக்கு ஆலை வாசலுக்கு வருவாயா, அம்மா?

“வரேன். ஆனா தலைவரு மைக்கு கழுத்த நெரிச்சாருன்னா புடுங்கிக்குவேன்.”

தலைவர் தலையாட்டுகிறார்! தோழர் வரதனே, உறுதி சொல்கிறோம். நாளை மைக்கில் புதுப் பேட்டரி இருக்கும். ஏரியல் மேல் யார் கையும் இருக்காது. நிறுத்தப்பட்ட ஒவ்வொருவரும் பேசுவார். அந்த மாடிச் சன்னல் திறந்தே தீரும்.

இப்போது எழுந்து நின்று மௌனம் காப்போம். அதற்கு முன்னால் மைக்கை அணைக்க வேண்டும். பவுனு, மேலே வா. இந்தா, இனி இது உன் கையில்.