பூட்டுக்கு இன்னும் ஒரு சீசன்

சீசன் முடிந்ததும் நடக்கும் கூட்டத்தில் பிஸ்கட் நன்றாக இருக்கும். மற்ற நாட்களில் எங்கள் கால்பந்து கிளப்பில் டீகூட ஆறிப்போய்த்தான் வரும். அன்று மட்டும் செயலாளர் தன் கையாலேயே தட்டை ஒவ்வொருவர் பக்கமாக நகர்த்தி வைப்பார். யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று பேசுகிற கூட்டம். வாயில் ஏதாவது இருந்தால் வார்த்தை கொஞ்சம் நிதானமாக வரும் என்று நினைத்திருப்பார்.

நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். என் கையெழுத்து தெளிவாக இருக்கும், படிக்க உங்களுக்குச் சிரமம் இருக்காது.

அந்தக் கிளப்பில் நான் பதினோரு வருஷம் பிசியோவாக இருந்தேன். அதற்கு முன்னால் ஆறு வருஷம் அதே கிளப்பில் சென்டர் பேக். கோல்கீப்பருக்கு முன்னால் நடுவில் நின்று, வருகிறவனையெல்லாம் தடுக்கிற வேலை. முட்டி போயிற்று. முட்டி போன ஆளைக் கூப்பிட்டு மற்றவர்கள் முட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பெரிய மனசு என்று ஊரே கிளப்பைப் புகழ்ந்தது. நானும் சேர்ந்து புகழ்ந்தேன்.

என் இடத்துக்கு வந்தவனைத்தான் ரசிகர்கள் பூட்டு என்பார்கள். அவன் நின்றால் திறக்க முடியாது என்பதால் வந்த பெயர். நல்ல மனிதன், சொன்னதைக் கேட்பான். வந்த இரண்டாம் வருஷமே என் தங்கையைக் கட்டிக்கொண்டான். நான்தான் முன்னால் நின்று முடித்து வைத்தேன். எனக்கு அவன்மேல் வயிற்றெரிச்சல் என்று கிளப்பில் யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். வயிற்றெரிச்சல் இருக்கிறவன் தங்கையைக் கொடுப்பானா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

தலையில் அடிபட்டால் நாங்கள் ஒரு சோதனை செய்வோம். ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வோம். ஐந்து வார்த்தைகள் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்வோம். ஐந்து நிமிஷம் வேறு ஏதாவது பேசிவிட்டு மறுபடியும் கேட்போம். என்னுடைய ஐந்து வார்த்தைகள் மேசை, எலுமிச்சை, பாலம், சட்டை, குதிரை. ஒவ்வொரு தடவையும் மாற்ற வேண்டும் என்று விதி. நான் மாற்றியதில்லை. பதினோரு வருஷமாக யாரும் வந்து கேட்டதும் இல்லை.

போன சீசனின் கடைசி ஆட்டத்தில் எங்கள் கோல்கீப்பரின் முழங்கால் பூட்டின் நெற்றிப்பொட்டில் பட்டது. இரண்டு வருஷத்தில் அது மூன்றாவது அடி. உடை மாற்றும் அறையில் பெஞ்சில் உட்கார வைத்துக் கேட்டேன். மேசை என்றான். கொஞ்ச நேரம் கழித்துக் குதிரை என்றான். அதற்குப் பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், மேட்ச் ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டான்.

அப்போதுதான் ஆட்டம் முடிந்து எல்லாரும் குளித்துக்கொண்டிருந்தார்கள். படிவத்தில் ஐந்துக்கு இரண்டு என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அன்றைக்கு நான் சரியாகத்தான் எழுதினேன்.

அடுத்த வாரம் தங்கை என் வீட்டுக்கு வந்தாள். அவர் வீட்டில் ஜன்னல் திரையைத் திறக்க விடுவதில்லை, வெளிச்சம் பட்டால் கண்ணை மூடிக்கொள்கிறார், பிள்ளை கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால்கூடக் காதைப் பொத்திக்கொள்கிறார் என்றாள்.

"ஆடினது போதும்னு அவருக்கே தோணுதுண்ணா. சொல்லத்தான் கூச்சப்படறாரு. நீ சொல்லிட்டா நிம்மதியா விட்டுடுவாரு."

"கூட்டத்துல பேசறேன், நீ கவலைப்படாத," என்றேன். பேசுவதாகத்தான் இருந்தேன்.

இடையில் ஒரு விஷயம். தடுப்பாட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் டிஃபன்ஸ் கோச் வேலையை விட்டுவிட்டுப் போகப்போகிறார் என்று எனக்கு ஜனவரியிலேயே தெரியும். அந்தப் பதவிக்கு வேண்டிய இரண்டு பரீட்சைகளையும் நான் எழுதித் தேறியிருந்தேன், வேலை பார்த்துக்கொண்டே. தலைமைக் கோச் ஒரு நாள் வராந்தாவில் என் தோளில் தட்டி, "அடுத்த வருஷம் அது உங்களுக்குத்தான்" என்றார். அவர் சொன்னதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. முடிந்த பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தேன். நாற்பத்து மூன்று வயதில் ஒரு மனிதன் ஒரு சின்ன விஷயத்தை மனசுக்குள் வைத்துச் சந்தோஷப்படுவது பெரிய குற்றம் என்று நீங்கள் நினைக்கமாட்டீர்கள்.

கூட்டத்தில் நாங்கள் மூன்று பேர்தான். தலைமைக் கோச், செயலாளர், நான். பேச்சு முழுக்க டிஃபன்ஸைப் பற்றித்தான். போன சீசனில் நாற்பத்தொரு கோல் வாங்கியிருந்தோம். இடது பக்க ஆள் மேலே ஓடினால் திரும்பி வருவதற்குள் பந்து வலைக்குள் போய்விடும். வலது பக்க ஆளுக்குத் தொடையில் பழைய பிடிப்பு. கோல்கீப்பர் குள்ளம், உயரமாக வரும் பந்துக்கு வெளியே வரவே யோசிப்பான். அதனால் நடுவில் உயரமான, தலையால் ஆடத் தெரிந்த ஆள் இல்லாமல் முடியாது. இதுவரை மூன்று பேருக்கும் ஒரே கருத்துதான்.

கோச் பேனாவைக் கீழே வைத்தார்.

"பூட்டுக்கு முப்பத்திரண்டு ஆச்சு. தலையில மூணு தடவ அடி. எனக்கென்னவோ மனசு ஒப்பல. இனிமே அவன ஆட வெக்க வேண்டாம். டிஃபன்ஸ் கோச்சா போட்டுடலாம், பசங்க அவன் பேச்சக் கேப்பாங்க. நடுவுல புதுசா ரெண்டு பேர எடுத்துக்குவோம்."

செயலாளர் தலையாட்டினார். நல்ல யோசனை என்றார். நான் கோச்சின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சங்கடமோ ஒரு கண் தாழ்த்தலோ வரும் என்று பார்த்தேன். எதுவும் இல்லை. வராந்தாவில் சொன்னதை அவர் சுத்தமாக மறந்துவிட்டிருந்தார். ஏமாற்றியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஏமாற்றுகிறவன் நம்மை ஒரு நிமிஷமாவது நினைத்துப் பார்க்கிறான்.

"உங்க ஃபைல் என்ன சொல்லுது?" என்று என்னைக் கேட்டார்.

வாயில் பிஸ்கட் இருந்தது. மென்று விழுங்கிவிட்டுத்தான் பேசினேன். அவசரப்பட்டு வந்த பேச்சு என்று பிறகு நானே சொல்லிக்கொள்ள முடியாதபடி நிதானமாகப் பேசினேன்.

"அஞ்சுக்கு அஞ்சு சொன்னான். இன்னும் ஒரு சீசன் தாராளமா ஆடலாம்."

"நிச்சயமா?"

"என் தங்கச்சி புருஷன் சார். அதுல போய் விளையாடுவேனா?"

அதற்குப் பிறகு நான் சொன்னதெல்லாம் டிஃபன்ஸ் தெரிந்த எவரும் ஒப்புக்கொள்ளக்கூடியதுதான். புதிதாக ஆள் எடுப்பதானால் இடது பக்கத்துக்கு எடுங்கள் என்றேன். ஓட்டை அங்கேதான். நடுவில் பூட்டு இருக்கும்போது இன்னும் இரண்டு பேரை எடுத்து பெஞ்சில் உட்கார வைப்பானேன் என்றேன். செலவு மிச்சம் என்று செயலாளருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கோச்சும் சரி என்றார். அப்போது டிஃபன்ஸ் கோச்சுக்கு யார் என்ற கேள்வி வந்தது. இருவரும் அறையைச் சுற்றிப் பார்த்தார்கள். அறையில் நான்தான் மீதி இருந்தேன்.

"நீங்களே பாத்துக்கறீங்களா?" என்றார் செயலாளர், போகும்போது ஃபேனை அணைத்துவிடச் சொல்வதுபோல.

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அன்று சாயங்காலம் என் மேசைக்குப் போய்ப் புதிதாக ஒரு படிவத்தை எடுத்து, கடைசி ஆட்டத்தின் தேதி போட்டு, ஐந்துக்கு ஐந்து என்று எழுதி ஃபைலில் சேர்த்தேன். பழைய தாளைக் கிழிக்கவில்லை. மருத்துவக் குறிப்பைக் கிழிக்கக் கூடாது. இழுப்பறையின் அடியில் வைத்தேன்.

தங்கைக்குப் போன் செய்து, எல்லாம் பார்த்தாகிவிட்டது, வெறும் கழுத்துப் பிடிப்புதான், அதனால்தான் தலைவலி என்றேன். அவள் அழுதாள், நிம்மதியில். பூட்டுக்குக் கழுத்துப் பயிற்சி எழுதிக் கொடுத்தேன். ஒழுங்காகச் செய்தான்.

என் இடத்துக்கு ஒரு பெண் பிசியோ வந்தாள். ஃபைல், படிவம், ஐந்து வார்த்தைகள் எல்லாவற்றையும் அவளிடம் ஒப்படைத்தேன். புதிய சீசன் நன்றாகப் போயிற்று. முதல் ஒன்பது ஆட்டத்தில் ஐந்தே கோல்தான் வாங்கினோம். பத்திரிகையில் என் படம் வந்தது, பூட்டின் தோளில் கை போட்டபடி.

பத்தாவது ஆட்டம் ஒரு சனிக்கிழமை. புள்ளிப் பட்டியலில் முதலில் இருந்த அணியோடு. புதன்கிழமைப் பயிற்சியில், மூலையிலிருந்து அடிக்கும் கார்னர் பந்துகளைத் தலையால் விலக்கும் பயிற்சி கொடுத்தேன். அது நானே வகுத்த பயிற்சி, ஒரு நாளைக்கு முப்பது பந்து. இருபதாவது பந்தின்போது எங்கள் ஆள் ஒருவனின் முழங்கை பூட்டின் நெற்றியில் பட்டது. அவன் வலைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். அந்தப் பெண் மைதானத்தின் மறுபக்கம் யாருக்கோ கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மச்சான், எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது," என்றான் பூட்டு.

அவனை எடுத்துவிட்டால் நடுவில் நிற்க ஆள் கிடையாது. வேண்டாம் என்று சொன்னவன் நான். வலது பக்க ஆளை நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை நிறுத்தி நான்கு கோல் வாங்கியிருக்கிறோம். சனிக்கிழமை அப்படி ஆனால், ஒரே ஒரு சென்டர் பேக் போதும் என்று சொன்னது யார் என்று கோச் திங்கட்கிழமை கேட்பார். அதை மட்டும் மறக்கமாட்டார்.

பந்துகள் வைக்கும் அறைக்கு அவனைக் கூட்டிப்போய் ஒரு வலைமூட்டையின்மேல் உட்கார வைத்தேன். ஐந்து வார்த்தைகளையும் சொல்லிக் கொடுத்தேன். பாலத்தை மட்டும் விட்டுவிட்டான். "வீட்டுக்குப் போற வழியில இருக்கே மாப்ள, அத நெனச்சுக்கோ" என்றேன். ஏழாவது தடவை ஐந்தும் வந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு சோதனைக்கு அவளிடம் போனான்.

அவள் என்னிடம் வந்து, "அஞ்சும் சொல்லிட்டாரு சார். ஆனா கண்ணு சரியில்ல. சனிக்கிழமை விட்டுடலாமே" என்றாள். கெட்டிக்காரப் பெண். நானும் பதினோரு வருஷம் இதே வேலைதான்மா பார்த்தேன் என்றேன். சின்னப் பெண், என்ன செய்வாள், மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். அவள்மேல் எந்தத் தப்பும் இல்லை என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை முப்பத்தெட்டாவது நிமிஷம் ஒரு கார்னர். சாதாரணப் பந்து, வேகம்கூட இல்லை. பூட்டு தலையால் வெளியே தள்ளினான். அழகாகத்தான் தள்ளினான். பிறகு கோல் கம்பத்தின் ஓரமாக, ஷூ லேஸ் கட்ட உட்காருகிறவன்போல உட்கார்ந்தான். எழுந்திரு, இடத்தை விடாதே என்று நான் கோட்டுக்கு வெளியிலிருந்து கத்தினேன். அவன் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தான். திங்கட்கிழமை காலையில் கண் திறக்காமலே போய்விட்டான்.

அந்தப் பெண் பழைய ஃபைல்களைத் தேடும்போது இழுப்பறையில் இருந்த தாள் கிடைத்திருக்கிறது. ஒரே தேதியில் ஒரே ஆளுக்கு இரண்டு தாள். இரண்டிலும் என் கையெழுத்து. உங்கள் மேசையில் இருப்பவை அவைதான். இரண்டாவதாக எழுதியதுதான் பொய். அவன் தலையின் நிலை எனக்குத் தெரியும். இன்னொரு அடி அவனைக் கொன்றுவிடலாம் என்பதும் எனக்குத் தெரியும், அதைத்தான் படித்திருக்கிறேன். தெரிந்தேதான் கூட்டத்தில் சொன்னேன், தெரிந்தேதான் புதன்கிழமை சொல்லிக் கொடுத்தேன், சனிக்கிழமை ஆடுகிறவர்கள் பட்டியலில் அவன் பெயரை என் கையால் எழுதினேன். இதற்குமேல் என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோச் ஆகணும்னு எத்தனை வருஷமா ஆசப்பட்ட. அதுலயும் உனக்கு நிம்மதி இல்லாம போச்சேண்ணா" என்றாள். அவள் அப்போது எனக்காகவும் அழுதாள்.

அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் யாரும் போய்ச் சொல்ல வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். அணிக்கு வேறு வழி இல்லை, அதனால்தான் செய்தேன் என்று சொல்லப்போகிறேன். நம்புவாள். நான் சொன்ன எதையும் அவள் இதுவரை நம்பாமல் இருந்ததில்லை.