வாப்பா வெட்டிய மூன்று கோடு

ரசீத்: பல்லு இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லு புள்ள.

நிலோஃபர்: பல்லு இல்ல மச்சான். ரெண்டு காது இருக்கு. மாட்டுக் கொம்பு மாதிரி விரிஞ்சு... நடுவுல ஒரு சக்கரம் உக்காருத அளவுக்கு இடம்.

ரசீத்: காதுல ஓட்டை?

நிலோஃபர்: ரெண்டுலயும் இருக்கு. உலக்கையே நுழையும்.

ரசீத்: நுழைச்சுப் பாத்தியோ?

நிலோஃபர்: ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நீங்க சவூதியில உக்காந்துக்கிட்டு, ஏரல்ல நான் குடோனுக்குள்ள படுத பாட்டைக் கிண்டல் பண்ணாதீங்க. மாமா ஒரு சாமானுக்காவது பேரு எழுதி வச்சிருக்கக் கூடாதா?

ரசீத்: வாப்பாவுக்கு எழுத்து எதுக்கு? கை வச்சாப் போதும், எந்தச் செயின் டிராக்டர்ல எந்த இடத்துச் சாமான்னு சொல்லிருவாவ. செம்மணல் தேரிக்காட்டைச் சமம் பண்ணின பழைய வண்டியெல்லாம் கடைசியில நம்ம வாப்பா கையாலதானே பிரிஞ்சுது.

நிலோஃபர்: பிரிச்சவுக போய்ச் சேந்துட்டாவ. பேரு சொல்லத்தான் ஆளில்ல.

ரசீத்: நான் இருக்கம்லா?

நிலோஃபர்: எங்க இருக்கீங்க... அதைத்தான் பிள்ளையும் கேக்குதா.

ரசீத்: நம்ம மவ ஷம்ஸியா இல்லையா அங்கன?

நிலோஃபர்: ஓதப் போயிருக்கா. வாப்பா எப்ப வருவாவன்னு தினம் கேள்வி. அரபி ஒரு பழைய செயின் டிராக்டரை வாங்கிப் போட்டிருக்கான், அதை ஓட வச்சாத்தான் லீவு தருவானாம்னு சொன்னேன். அந்த வண்டி என்ன நொண்டியான்னு கேக்குதா.

ரசீத்: நொண்டிதான்... நம்ம குடோன்ல உள்ளது ஏதாவது ஒண்ணு சேரணும். சேந்துட்டா ஓடிரும்.

நிலோஃபர்: இதையேதான் பெருநாளைக்கும் சொன்னீங்க. சரி, இன்னைக்காவது சாயங்கால மஃரிப் பாங்குக்கு முன்னாடி டியூட்டின்னு போனை வச்சிராதீங்க.

ரசீத்: வைக்கல. சாமானைப் பைய ஒரு தட்டு தட்டிக் காட்டு. வார்ப்பிரும்பா, எஃகான்னு சத்தத்துல தெரிஞ்சிரும்.

நிலோஃபர்: எதை வச்சுத் தட்ட?

ரசீத்: குடோன்ல சுத்தியல் இல்லையா?

நிலோஃபர்: இருக்கு, இருக்கு. இருங்க... கேட்டுச்சா?

ரசீத்: கேட்டுச்சு. தோசைக்கல்லு மாதிரி இருக்கு சத்தம்.

நிலோஃபர்: போன்ல எல்லாம் அப்படித்தான் கேக்கும்.

ரசீத்: சாமானை எங்க வச்சிருக்க?

நிலோஃபர்: இந்தா, கையில.

ரசீத்: ஒரு கையில போனு. இன்னொரு கையில அதுவா?

நிலோஃபர்: ...மடியில.

ரசீத்: அதைப் புரட்டவே ஒரு ஆம்பளை ஆளு துணைக்கு வேணும். மடியில வச்சிருக்கியாக்கும்.

நிலோஃபர்: என்ன சாமான்னே தெரியாதுன்னீங்க. கனம் மட்டும் எப்படித் தெரிஞ்சுது?

ரசீத்: நீ சொன்ன அளவை வச்சு... ஒரு மதிப்புத்தான்.

நிலோஃபர்: வேணும்னா வீடியோவுல காட்டட்டுமா?

ரசீத்: வேண்டாம், வேண்டாம். இங்கன நெட்டு இழுக்கும்.

நிலோஃபர்: அதுவும் சரிதான். இங்கனயும் இருட்டு.

ரசீத்: ...வெள்ளத்துல விழுந்த வீட்டுச் சுவரு என்னாச்சு?

நிலோஃபர்: வச்சுப் பூசியும் ஆச்சு. இந்த மழைக்குப் பயமில்ல.

ரசீத்: துட்டுக்கு என்ன செஞ்ச? நான்தான் ஒண்ணும் அனுப்பலையே.

நிலோஃபர்: நான் கேட்டனா?

ரசீத்: கேக்கல. அதான் கஷ்டமா இருக்கு.

நிலோஃபர்: பொம்பளை கையில ஏதாவது இருக்கும் மச்சான். அதை விடுங்க. சாமானுக்கு வாங்க. மாமா உளியால போட்ட அடையாளம்கூட இதுல இருக்கு.

ரசீத்: மூணு கோடு. மூணாவது பாதியில நின்னுரும். உளி வழுக்கி, ஓரமா ஒரு கீறல் போயிருக்கும்.

நிலோஃபர்: நான் அடையாளம்னுதான் சொன்னேன். எத்தனை கோடுன்னு சொல்லலையே.

ரசீத்: வாப்பா எல்லாத்துலயும் மூணுதான் போடுவாவ.

நிலோஃபர்: உளியும் எல்லாத்துலயும் வழுக்குமா?

ரசீத்: ...அப்படித்தான் இருக்கும்னு சொன்னேன்.

நிலோஃபர்: அது என்ன சத்தம்? கணீர்னு?

ரசீத்: ஒண்ணுமில்ல. மோதிரம் பட்டுச்சு.

நிலோஃபர்: எதுல?

ரசீத்: இங்கன... ஒரு இரும்புல. புள்ள, கேளு. சாமான் என்னன்னு பிடிபட்டுச்சு. இது கவை. செயின் டிராக்டர்ல முன்னால ஒரு பெரிய சக்கரம், அதைச் சுத்தித்தான் சங்கிலி ஓடும். அந்தச் சக்கரம் இந்த ரெண்டு காதுக்கு நடுவுல நிக்கும். பின்னால மரை இருக்கு பாரு...

நிலோஃபர்: இருக்கு.

ரசீத்: பாத்தியா?

நிலோஃபர்: தேச்சுக் கழுவினது நான்தானே. எனக்குத் தெரியாதா?

ரசீத்: அந்த மரையைத் திருகினா சக்கரம் முன்னால போகும், சங்கிலி இறுகும். தளர்ந்த சங்கிலியை அப்படியே விட்டா, ஒரு திருப்பத்துல கழண்டு விழுந்துரும். இன்ஜின் என்ன கத்தினாலும் வண்டி நகராது. நின்ன இடத்துலயே குழி பறிச்சுக்கிட்டுக் கிடக்கும். வாப்பா சொல்லுவாவ, இந்தக் கவை தேயாத வண்டியா இருந்தா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்னு. இது துளிகூடத் தேயல புள்ள. தொட்டா வழவழன்னு...

நிலோஃபர்: தொட்டாவா?

ரசீத்: நீ தொட்டுப் பாருன்னு சொல்ல வந்தேன்.

நிலோஃபர்: இது போதுமா? அரபி வண்டி ஓடிருமா? பிள்ளைக்கு ஒரு பதிலு சொல்லணும்லா.

ரசீத்: அளவு சேராது... அது வேற கம்பெனி வண்டி.

நிலோஃபர்: அப்ப நாளைக்கு வேற ஒண்ணு எடுத்துச் சொல்லட்டுமா?

ரசீத்: சொல்லு... இல்ல, இரு. நிலோ, நான் ஒண்ணு...

நிலோஃபர்: இருங்க. பள்ளியில பாங்கு சொல்லுதாவ. முக்காடு போட்டுக்கிடுதேன்.

ரசீத்: சரி... போடு.

நிலோஃபர்: போனைப் பொத்தாதீங்க மச்சான். உங்க பக்கமும் பாங்கு கேக்குதே.

ரசீத்: பொத்தல.

நிலோஃபர்: அங்கன இப்ப மணி என்ன?

ரசீத்: நாலு... நாலு இருக்கும்.

நிலோஃபர்: நாலு மணிக்கு மஃரிப் பாங்கு சொல்லுதானா உங்க அரபி? எத்தனை நாளு, பாங்குக்கு முன்னாடி டியூட்டின்னு ஓடினீங்க. இன்னைக்கு அந்தக் கவை உங்களை மறக்கடிச்சிருச்சு.

ரசீத்: நீ தட்டினது தோசைக்கல்லுதானே?

நிலோஃபர்: ஆமா.

ரசீத்: குடோன்ல ஒண்ணும் கிடையாது.

நிலோஃபர்: பெருக்கித் தள்ளியாச்சு. மாமா சாமான் பூராத்தையும் பழைய இரும்பு எடைக்குப் போட்டுத்தான் சுவரு வச்சேன். உங்ககிட்ட சொல்ல வாய் வரல. மாமா மேல உங்களுக்கு உள்ள பிரியம் எனக்குத் தெரியும்.

ரசீத்: தப்பில்ல. வீடு நிக்கணும்லா.

நிலோஃபர்: நீங்க சொல்லுங்க.

ரசீத்: நம்ம ஊருக்குப் பக்கத்துலதான், பேட்டையில இருக்கேன். பழைய இரும்புக் கடையில. நோன்புக்கு முன்னாடியே அங்கன கம்பெனியை மூடிட்டான். அரபியும் இல்ல, வண்டியும் இல்ல. ஊர் பூரா சவூதிக்காரன்னு சொல்லுது... வெறுங்கையோட எப்படி உன் வாசல்ல வந்து நிக்க? நாலு காசு சேத்துக்கிட்டு, அப்பதான் பிளேன்ல இறங்கினவன் மாதிரி வந்துரலாம்னு நினைச்சேன்.

நிலோஃபர்: மேல சொல்லுங்க.

ரசீத்: அன்னைக்கு லாரியில வாப்பா சாமான் வந்து குவிஞ்சு கிடக்கு. முதலாளி என் கையில கட்டரைக் குடுத்து, துண்டு துண்டா வெட்டுங்கான். அன்னைக்குச் சாயங்காலம்தான் நீ முதமுதல்ல ஒரு சாமானை விவரம் சொன்ன. போய்ப் பாத்தா, குவியல்ல மேலயே கிடக்கு. அதை வெட்டாம ஒதுக்கி வச்சேன். பொறவு நீ எதைச் சொல்லுதியோ, அதையெல்லாம் தேடி எடுத்து மூலையில சாக்கைப் போட்டு மூடிருவேன். இந்தக் கவையும் இந்தா, என் காலுக்குப் பக்கத்துலதான் கிடக்கு. ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கல நிலோ... வித்துப் போட்டவ, எதுக்கு இன்னும் கையில வச்சிருக்கேன், கையில வச்சிருக்கேன்னு தினம் சொல்லணும்?

நிலோஃபர்: அந்த லாரியில டிரைவருக்குப் பக்கத்துல நானும்தான் வந்தேன் மச்சான். இறக்கும்போது, கறுப்புக் கண்ணாடி போட்டு, முதுகைக் காட்டிக்கிட்டு ஒரு ஆளு கட்டர் பிடிச்சிட்டு நின்னுது. வருசக்கணக்கா நான் துவைச்ச சட்டையை எனக்குத் தெரியாதா? கூப்பிட்டா கூசிப் போவீங்கன்னு பேசாம திரும்பிட்டேன். தினம் ஒண்ணைச் சொன்னா, என்னைக்காவது ஒருநாள் 'ஏளா, அது என் கையிலதான் இருக்கு'ன்னு வாய்தவறியாவது சொல்லுவீங்கன்னு காத்துக் கிடந்தேன். தொழுதுட்டு ஏரல் பஸ்ஸைப் பிடிங்க. அந்தக் கவையைத் தூக்கிச் சுமந்துக்கிட்டு நிக்காதீங்க... வெறுங்கையோடயே வாங்க.