கோவர்த்தனன் சார் ஏறி இறங்கிய வீடுகள்

மேடையில் அமர்ந்திருக்கும் நகரித் தமிழ் மன்றத் தலைவர் சண்முகம் ஐயா அவர்களே, மறைந்த பேராசிரியரின் அக்கா மணியம்மா அவர்களே, எங்கள் கல்லூரி முதல்வர் அவர்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் கலைவாணியின் வணக்கம்.

போன வாரம் திருப்பதியில், எங்கள் கல்லூரியில், தெலுங்கில் ஓர் இரங்கல் கூட்டம் நடந்தது. அவர் வாங்கிய பட்டங்களைச் சொன்னார்கள். எழுதிய கட்டுரைகளைச் சொன்னார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் பேராசிரியர் முனைவர் கோவர்த்தனன் இந்த ஊர்த் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை அல்லவா? அவரைப் பற்றித் தமிழில் பேச எனக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. இந்த மன்றத்தை விட்டால் வேறு எங்கே போவேன்?

பார்மசி கல்லூரியில் அவரோடு ஒரே துறையில் வேலை பார்த்தவள் நான். அவருடைய ஆய்வு முழுவதும் ஒரே கேள்விதான். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுபோய் மனிதர்கள் என்ன செய்கிறார்கள்? அதை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து கேட்டால் உண்மை வராது என்பார். வீட்டுக்குப் போக வேண்டும் என்பார். போனார். தனக்கு எழுதிய மாத்திரை நன்றாகக் கேட்கிறதே என்று மனைவிக்கும் பாதி உடைத்துக் கொடுத்தவரைக் கண்டுபிடித்தார். திருமலைக்கு வெறும் வயிற்றோடு நடந்து ஏறுவதாக வேண்டிக்கொண்டு, சர்க்கரை மாத்திரையை மட்டும் மறக்காமல் விழுங்கிவிட்டு, பாதிப் படியில் மயங்கி விழுந்தவரைக் கண்டுபிடித்தார். யாரையாவது திட்டினாரா? இல்லை. “தப்பு அவங்க மேல இல்ல கலைவாணி, நாம பாதிதான் சொல்லி அனுப்புறோம்” என்பார்.

நம் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் குவைத்துக்கும் போய்க்கொண்டிருந்த காலம் அது. சத்தியவேடு பக்கம் கம்பெனிகள் வந்த பிறகு பக்கத்திலேயே இருந்தவர்களும் போனார்கள். வீட்டில் பெரியவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை அவர்கள் ஒழுங்காகச் சாப்பிட வைக்க வேண்டும் என்று சார் ஒரு திட்டம் போட்டார். மாத்திரை சரியாகச் சாப்பிடுகிறவர் வீட்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போனால் போதும். தவற விடுகிறவர் வீட்டுக்கு வாராவாரம் வியாழக்கிழமை போக வேண்டும். நியாயமான விதிதானே? எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம்.

இதோ, இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார் செல்லியம்மா. மூத்த மகன் குவைத்தில் டிரைவர், இளையவன் கம்பெனியில். திட்டம் தொடங்கியபோது ஒரு மாத்திரைகூடத் தவற விடாதவர். அப்புறம் திடீரென்று தவற விட ஆரம்பித்தார். சார் மாத்திரை டப்பா வாங்கிக் கொடுத்தார், நேரத்தை மாற்றிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை நானும் கூடப் போனேன்.

“ஏம்மா, மறுபடியும் மீந்துபோச்சா?”

“மீந்துபோச்சு நைனா. உக்காரு, காபி போட்டுக்கினு வரேன்.”

“காபி இருக்கட்டும். மாத்திர ஏன் துன்னல?”

செல்லியம்மா வாசலைக் காட்டினார். “எதுத்த வூட்டு கங்கம்மா ஒழுங்கா துன்னா. என்னா ஆச்சி? அவ வூட்டுப் படிய யாரும் மிதிக்கல. நான் என்னா அவளாட்டம் ஏமாளியா?”

நான் சிரித்துவிட்டேன். சாரும் சிரித்தார். ஆனால் திருப்பதி திரும்பும் பஸ்ஸில் வீடுகளின் பட்டியலை எடுத்து, தனியாக இருப்பவர்களைக் குறித்துக்கொண்டே வந்தார்.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு வீடாக விசாரித்தார். தனியாக இருப்பவர்கள் பல பேர் இதையேதான் செய்துகொண்டிருந்தார்கள். மாத்திரை போட்டால் ஆள் வராது. போடாவிட்டால் ஆள் வரும். நாமே விதி போட்டு நாமே பழக்கிவிட்டோம்! அந்த வீடுகளை ஆய்விலிருந்து நீக்கிவிட்டால் முடிவு அழகாக வரும் என்று ஆலோசனை சொன்னவர்கள் உண்டு. அவர் என்ன செய்தார்? ஹைதராபாத்தில் ஒரு பெரிய சபையில் எழுந்து நின்று, “என் திட்டம் நோயாளிகளை மாத்திரையை நிறுத்த வைத்தது” என்று சொன்னார். அதன் பிறகு அந்த ஆய்வுக்கு நிதி உதவி வரவில்லை. பதவி உயர்வும் தள்ளிப்போனது. அவர் விதியை மட்டும் மாற்றினார். போட்டாலும் போடாவிட்டாலும் எல்லா வீட்டுக்கும் போவோம். போனதும் மாத்திரையைக் கேட்கக் கூடாது, முதலில் உட்கார வேண்டும். இதுதான் புது விதி. மாத்திரைகள் மீந்துபோவது நின்றது.

பெரியோர்களே! இப்படி வீடு வீடாகப் போனவரின் வீட்டுக்கு யார் போனோம்? மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம். மகன் அமெரிக்காவில். ஒரே துறையில், பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்தும், அவர் மத்தியானம் என்ன சாப்பிடுவார் என்று எனக்குத் தெரியாது. நான் என்ன சாப்பிடுவேன் என்று அவருக்கும் தெரியாது. இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு தனித்தனியே டிபன் டப்பாவைத் திறப்போம். எப்போதாவது நான் கூடப் போகும் வியாழக்கிழமை பஸ்ஸில் மட்டும்தான் பேசுவோம்.

அவர் புதன்கிழமையே இறந்திருக்கிறார். கல்லூரியில் யாருக்கும் தெரியவில்லை. லீவு என்று நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். வியாழக்கிழமை பகலில் எனக்கு ஒரு போன் வந்தது. கங்கம்மாவை நம்பர் போடச் சொல்லிப் பேசியது செல்லியம்மா. “சாரு இன்னும் வரல. சொல்லாம நிக்கமாட்டாரு. நீ போயி பாரும்மா.” போய்ப் பார்த்தேன். அவர் வரவில்லை என்பதை உலகத்தில் கவனித்தவர் இவர் ஒருவர்தான்.

முதல்வர் அவர்கள் இருக்கும் மேடையிலேயே இதைச் சொல்ல வேண்டும். இனி வீடுகளுக்குப் போக வேண்டாம், மாத்திரை நேரத்துக்கு போனில் குறுஞ்செய்தி அனுப்பினால் போதும் என்று யோசிப்பதாகக் கேள்விப்பட்டேன். ஆள் இல்லை, நேரம் இல்லை. உங்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது ஐயா. ஆனால் இன்று கூட்டத்துக்கு வரும் வழியில் செல்லியம்மா வீட்டுக்குப் போனேன். சார் போன நாளிலிருந்து ஒரு மாத்திரைகூட அவர் தொடவில்லை. “தெரிஞ்சே இப்படிப் பண்ணலாமாம்மா?” என்று கேட்டேன். “மீந்துகினே கெடந்தா யாராச்சும் வந்துதானே ஆவணும்?” என்றார். கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தேன். அந்த எண்ணை இந்தச் சபையில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

கோவர்த்தனன் சாருக்குப் படம் திறக்கலாம், மலர் போடலாம். நான் வேறொன்று கேட்கிறேன். உங்கள் தெருவில் தனியாக இருக்கும் ஒருவர் வீட்டில் போய் உட்காருங்கள். என் மாணவர்களையும் கூட்டி வருகிறேன். கல்லூரி அனுப்பினால் கல்லூரி வேலையாக வருவேன். அனுப்பாவிட்டால் லீவு போட்டுவிட்டு வருவேன்.

செல்லியம்மா, எழுந்திருக்க வேண்டாம், உட்கார்ந்தே கேளுங்கள். இன்று வீட்டுக்குப் போனதும் சாப்பிட்டுவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். நாளைக்கும் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றைக்கூட மீத்து வைக்க வேண்டாம். வியாழக்கிழமை நான் வருகிறேன்.