இடியம்மாவும் ஒய் குரோமோசோமும்

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனை நிர்வாகத்தினரே, சக மருத்துவர்களே, செவிலியர்களே, இடம் போதாமல் வாசல்வரை நிற்கும் தாய்மார்களே! கனத்த நெஞ்சோடு உங்களை வணங்குகிறேன்.

நம் மகப்பேறு மருத்துவரை, நாலு வார்டு தாண்டிக் கேட்கும் குரலால் நாமெல்லாம் இடியம்மா என்றழைத்த மாமனுஷியை, இழந்துவிட்டோம். நான் மயக்க மருந்து கொடுப்பவள். நான் மயக்கினேன், மயங்கிக் கிடந்த ஊரை அவர் உலுக்கினார்.

அழத்தான் வந்தேன். எனக்குமுன் பேசிய நிர்வாகி அவரை 'அமைதியின் வடிவம்' என்றார். என் அழுகை நின்றுவிட்டது. அமைதியா? இடியம்மாவா?

என்ன நடந்தது தெரியுமா? ஒரு தையல்காரப் பெண்ணுக்கு மூன்றாவதும் பெண் குழந்தை. அறுவைக் காயம்கூட ஆறவில்லை. மாமியார் கட்டிலருகே நின்று, "இவ வயித்துல பையனே தங்கமாட்டான். வேற ஒருத்திய பாத்துடலாம்டா" என்கிறார். பஸ் ஓட்டும் கணவன் சுவரைப் பார்த்து நிற்கிறான்.

இடியம்மா குழந்தையைத் தூக்கி அவன் கையில் வைத்தார்.

"தம்பி, உன் பொண்டாட்டிகிட்ட இருக்கறது ரெண்டுமே எக்ஸ் குரோமோசோம். அவ எக்ஸ் மட்டும்தான் குடுக்க முடியும். உன்கிட்டதான் எக்ஸும் இருக்கு, ஒய்யும் இருக்கு. ஒய் போய்ச் சேர்ந்தா பையன், எக்ஸ் போய்ச் சேர்ந்தா பொண்ணு. புரியுதா?"

"என் பையன் மேலயா குத்தம் சொல்றீங்க?" என்று மாமியார் எகிறினார்.

"குத்தமே இல்லம்மா. அவனும் யோசிச்சா குடுத்தான்? ஆனா யார் தலையிலயாவது கட்டியே தீருவேன்னா, இவ தலையில மட்டும் கட்ட முடியாது!"

குடும்பத்தை அவமானப்படுத்திவிட்டதாகப் புகார் வந்தது. நிர்வாகம் என்ன சொன்னது? "ஒரு சாரி சொல்லிட்டுப் போங்க டாக்டர்."

"எதுக்கு? ஒய் அப்பாகிட்டேருந்து வருதுன்னு சொன்னதுக்கா? நான் மாத்திச் சொன்னா அது மாறிடுமா?"

பிரசவ வார்டிலிருந்து அவரை நீக்கினீர்கள். ஆயிரமாயிரம் குழந்தைகளைக் கையில் ஏந்தியவரை, சளிக்கும் காய்ச்சலுக்கும் சீட்டு எழுத உட்கார வைத்தீர்கள்!

அந்த ஓட்டுநர் தையல்காரப் பெண்ணை விலக்கிவிட்டு மறுமணம் செய்துகொண்டான். இரண்டாவது மனைவிக்கும், இதே மருத்துவமனையில், பெண் குழந்தை! அதே மாமியார், அதே வசவு. தடையை மீறி இடியம்மா வார்டுக்குள் போனார். கூடவே தையல்காரப் பெண்ணையும் அழைத்துப் போனார். தையல்காரப் பெண் கட்டிலில் உட்கார்ந்து, இரண்டாவது மனைவியின் கையைப் பிடித்துச் சொன்னாள்:

"அழாத தங்கச்சி. உன் மேல தப்பு இல்ல. என் மேலயும் இருந்ததில்ல."

அப்போதுதான் அந்த ஆண்பிள்ளை வாயைத் திறந்தான். "போதும்மா. நிறுத்து." நான்கு பெண்கள் பிறந்தபின் வந்தது அந்த வார்த்தை! அதற்குள் ஒருத்தியின் வாழ்க்கை போய்விட்டதே, அதை யார் திருப்பித் தருவது?

அதன்பின் இடியம்மா சனிக்கிழமைதோறும் கர்ப்பிணிகளின் கணவர்களையும் மாமியார்களையும் உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். போன சனிக்கிழமை பாடம் முடிந்து எழுந்தவர், நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்தார்.

நிர்வாகத்தினரே, அவருக்குப் படத்திறப்பு வேண்டாம். அவரை நீக்கிய உத்தரவை இன்றே ரத்து செய்யுங்கள். பாடத்தை நாங்கள் நடத்திக்கொள்கிறோம். பெண் பெற்றதற்காக ஒரு தாய் இனி இந்தக் கட்டடத்தில் வசவு வாங்கினால், திட்டியவர் எங்கள் அத்தனை பேருக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் வாசலைத் தாண்ட வேண்டும்!