உதட்டோரப் பச்சை

டீ வேண்டாம் சார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த டம்ளரில் எத்தனை பேர் வாய் வைத்திருப்பார்களோ. சின்ன வயதிலிருந்தே எச்சில் என்றால் எனக்குக் குமட்டும். மற்றபடி யார் வம்புக்கும் போகாத ஆள் நான். தங்கச்சி செத்ததைப் பற்றித்தானே கேட்கிறீர்கள், சொல்கிறேன்.

என் தொழில் படங்களுக்கு ஃபிரேம் போடுவது. கடையின் பின்னறையில் கலரும் அரைத்துக் கொடுப்பேன். உள்ளூர் ஓவியர்கள் எல்லோரும் என்னிடம்தான் வாங்குவார்கள். நீங்கள் அவர்களைக் கண்காட்சியில், தேய்த்த சட்டையோடு பார்த்திருப்பீர்கள். நான் வேலை நேரத்தில் பார்த்தவன். நகக்கண்ணெல்லாம் கலர், அதே கையால் ரொட்டியைப் பிய்த்துத் தின்பார்கள். பிரஷ் நுனி கூராக வேண்டுமென்றால் வாயில் வைத்து உறிஞ்சுவார்கள். தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும்.

"எச்சில்ல வர்ற கூர் தண்ணியில வராது மச்சான்" என்பார் தங்கையின் புருஷன். கறுத்த நாக்கோடு அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது எனக்கு உடம்பெல்லாம் கூசும்.

அப்பா அம்மா போனபிறகு அவளை வளர்த்தது நான். கை கால் கழுவாமல் வீட்டுக்குள் வரமாட்டாள். அவளுக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர். அப்படி வளர்ந்தவள், கடைக்குக் கலர் வாங்க வந்த ஆளோடு போய்விட்டாள். என்றைக்காவது அருவருத்துத் திரும்பி வருவாள் என்றுதான் இருந்தேன். அவள் அறையைத் தினமும் நானே துடைத்து வைத்தேன்.

போன மாதம் கண்காட்சி. ஓவியர்கள் அவரவர் படத்துக்குப் பக்கத்தில் நின்று, வருகிறவர்களோடு பேச வேண்டும், கேட்டால் வரைந்தும் காட்ட வேண்டும். மற்றவர்களின் படங்களை மாட்டிவிட்டு நான் கிளம்பினேன். தங்கை ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"அண்ணா, நான் வரைஞ்ச படமும் இருக்கு. உனக்குத் தெரியாம நானே மாட்டினேன். யாருன்னு பாரு."

படத்தில் ஒருவன் குழாயடியில் குனிந்து கை கழுவிக்கொண்டிருந்தான். தோல் உரிந்து சிவந்த கை. நான்தான். பார்க்க வந்த ஒரு அம்மாள், "ஐயோ பாவம், யாரு பெத்த பிள்ளையோ" என்றார். மாப்பிள்ளை சிரித்தார். அதுகூடப் பரவாயில்லை.

"கண்ணுல துளி பச்சை வச்சா இன்னும் நல்லாருக்கும்ல?" என்று அவள் பிரஷை எடுத்தாள். எடுத்து, வாயில் வைத்தாள். யோசிக்கவே இல்லை, அவ்வளவு பழகிப்போயிருந்தது. உதட்டோரத்தில் பச்சை ஈஷிக்கொண்டது. அதோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"வீட்டுக்கு வந்துடும்மா," என்றேன்.

"என்னண்ணா நீ, நான் என் வீட்லதானே இருக்கேன்? பச்சை தீரப்போகுது, கொஞ்சம் அரைச்சுத் தாயேன்."

அரைத்துக் கொடுத்தேன்.

மாப்பிள்ளைக்கு வைத்த விஷம் தங்கைக்குப் போய்விட்டது என்று நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். என் மேல் இரக்கப்பட்டு எழுதுகிறீர்கள், தெரிகிறது. அந்த வரியை அடித்துவிடுங்கள் சார். மாப்பிள்ளை பச்சையைத் தொடவே மாட்டார்; அவருக்குக் கறுப்பும் காவியும்தான். அவருக்கு அரைத்துக் கொடுப்பவன் நான், எனக்குத் தெரியாதா? விஷத்தைக் கலந்து அவள் கையில்தான் கொடுத்தேன். "வாயில வைக்காதே" என்று சொல்லித்தான் கொடுத்தேன். கேட்டிருந்தால் இன்றைக்கு இருந்திருப்பாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

ஆஸ்பத்திரியில் அவளைக் காட்டினார்கள். மாப்பிள்ளை மூக்கு ஒழுக அழுதுகொண்டிருந்தார், பார்க்கச் சகிக்கவில்லை. அவள் உதட்டோரத்தில் அந்தப் பச்சை அப்படியே இருந்தது. அந்தக் கோலத்தில் அவளை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. மேசையில் தண்ணீர் இருந்தது. நான் கைக்குட்டை நுனியை என் நாக்கில் தொட்டு, அவள் உதட்டை நன்றாகத் துடைத்துவிட்டேன்.