கார் வராத ஜல்லி ரோடு

ராஸ் அல் கைமாவிலிருந்து அஜ்மான் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். இளையவர் கல்குவாரிக்காரர் என்பது ஷூவில் அப்பியிருந்த வெள்ளைத் தூசியிலேயே தெரிந்தது. கண்ணயரப் போனவனை அவர் பேச்சு எழுப்பிவிட்டது.

“எங்க மேனேஜர் ஜல்லியில சைக்கிள் ஓட்டுறதுக்குன்னே இத்தாலி போறாருண்ணே.”

“ஏன், அங்க ரோடு இல்லையா?”

“ரோட்டுல கார் வருதாம். அதனால கார் வராத ஜல்லிப் பாதையா பாத்து, கடலோரமாவும் திராட்சைத் தோட்டத்துக்குள்ளயும் ஒரு வாரம் ஓட்டுவாங்களாம்.”

“அத நீ தினம் கேம்புலேருந்து டூட்டிக்கு ஓட்டுறியேப்பா!”

“அதப் பாத்துத்தான் என்னைப் பிடிச்சாரு. ஞாயித்துக்கிழமை காலையில என் பின்னாடியே ஓட்டிப் பழகுறாரு. முதல் நாள் மூணு தடவ விழுந்தாரு. டயர்ல காத்த கல்லு மாதிரி அடிச்சு வச்சிருந்தாரு. கொஞ்சம் இறக்கி விட்டேன், அப்புறம் விழவே இல்ல.”

“உன் லீவு பேப்பர மேசையிலயே போட்டு வச்சிருக்காரே, அந்த மேனேஜரா?”

“அவரேதான். இன்னைக்குக் கையெழுத்துப் போட்டுட்டாரு.”

“காத்து இறக்குனதுக்கா?”

“இல்லண்ணே. இவ்வளவு நல்லா எங்க பழகுனேன்னு கேட்டாரு. எங்க ஊர் ரோட்டுக்கு ஜல்லி கொட்டி நாலு வருஷமாச்சு, இன்னும் தார் வரல, பஸ்ஸே வர்றதில்லன்னு சொன்னேன். உடனே போய் வீடியோ எடுத்து அனுப்புன்னுட்டாரு. அடுத்த வருஷம் அங்கதான் வர்றாராம்.”



“அதுக்குள்ள தார் போட்டுட்டா?”

“எலெக்‌ஷன் முடிஞ்சிருச்சுண்ணே. பயமில்ல.”