சத்தெம்மா தோட்டத்து அறுபது குழி

எங்க பெரிய மாமனாரு ஒண்ணு சொல்லுவாருங்க தம்பி. கடக்கரைக்கு ஊரு பாக்கப் போனா ரெண்டு நாளைக்கு மேல தங்கக் கூடாது, மூணாம் நாளு நம்மள... என்னமோ ஆயிப்போயிருமுன்னு. என்ன ஆயிருமுன்னுதான் ஞாபகம் வரமாட்டேங்குது. மனுசரு முழுசாச் சொல்றதுக்குள்ள இருமல் வந்துரும். நாங்க ஒம்போது நாளு தங்குனோமுங்க. ஒம்போது.

நீங்க பாட்டுக்குக் கன்னுக்குத் தண்ணி உடுங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டு இருக்கறேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டாலும் காது இங்கதானுங்களே இருக்குது. கோவம் இருக்குமுங்க. இருக்காதா பின்னே? 'தம்பிதுரை பண்ணைத் தென்னங்கன்னு சொத்தை, அறுபது வெச்சு அறுபதும் செத்துப்போச்சு'ன்னு எங்கூட்டுக்காரரு ரெண்டு மாசமாத் தொண்டாமுத்தூர் பூராவும் சொல்லிட்டுத் திரியறாரு. இந்த மழைக்கு உங்க வாசல்ல நாலு டெம்போ நிக்கோணும். ஒண்ணையும் காணோம். பாத்துட்டுத்தான் வந்தேன். அதுக்குத்தான் வந்ததே. சொல்றேன், இருங்க.

ஊரு பாக்கறதுன்னா மத்தவிய எங்க போறாங்க? ஊட்டி, பழனி... எம்பட தங்கச்சி கன்னியாகுமரி போயிட்டு வந்து சங்குல பேரெழுதி வெச்சுக் காட்டறா. எங்கூட்டுக்காரரு கோவிந்தராஜுலு இருக்கறாரே, அவரு பேப்பர்ல ஒரு போட்டோ பாத்தாரு. போன வருசம் ஐப்பசிப் புயல்ல, ஆந்திராவுல கடலோரத்துக் கோனசீமைல தென்னை மரமெல்லாம் ஒரே பக்கமாச் சாஞ்சு கெடந்துது, சீப்புல வாருனாப்ல. சோத்துல கைய வெச்சவரு எடுக்கலே. நம்ம தோப்புல யானை பூந்து நாலு மரத்தச் சாச்சதுக்கே ஒரு வாரம் சவரம் பண்ணாம இருந்த ஆளுங்க அவரு. 'பங்காரு, நம்ம முன்னோரு அந்தப் பக்கத்து ஆளுக, ஒரு எட்டு போயிட்டு வரலாம்'னாரு. முன்னோரு கெளம்பி வந்து நானூறு வருசமாச்சு, எந்திரிச்சு வந்து காப்பித்தண்ணியா குடுக்கப் போறாங்கன்னு கேட்டேன். என்னைக்கு நம்ம பேச்சு ஏறியிருக்குது?

மரம் போனவிய யாருக்காச்சும் நட்டுக் குடுக்கலாம்னு, ஆடில உங்ககிட்ட அறுபது கன்னு வாங்கி லாரில ஏத்தி உட்டுப்போட்டு நாங்க ரயிலேறுனோம். அமலாபுரம் தாண்டி ஒரு ஊரு, பேரே வாயில நொழையாது. லாட்ஜு கெடையாது, ஓட்டல் கெடையாது. கடலு இருக்குது, அதப் பாக்க ஒருத்தரும் வரமாட்டாங்க. கடலுதான் அவிய ஊடு வாசலெல்லாம் வந்து பாத்துட்டுப் போயிருக்குது. கோயில் மதில் மேல ஒரு படகு குந்தியிருந்துதுங்க, எட்டு மாசமா. 'எறக்கலீங்களா'ன்னா, 'அதுக்கென்ன அவசரம், மொதல்ல ஊட்டுக்குக் கூரை போடோணும்'ங்கறாங்க.

நாம பேசற தெலுங்கக் கேட்டு ஒரு அம்மா வாயப் பொத்திட்டுச் சிரிச்சுது. ராசா காலத்துப் பேச்சாட்ட இருக்குதாமா. அதுதான் சத்தெம்மா. புருசன் இல்லே. நூத்தி நாப்பது மரமும் போச்சு. மிஞ்சுனது ஒண்ணு, அதுக்கும் மண்டை இல்லே. தார்ப்பாய்க் கூரை. இருந்த ஒரே கட்டில எங்களுக்குக் குடுத்துப்போட்டு அது கீழ படுத்துக்கிச்சு. மூணு வேளையும் மீனு. எனக்கு ஆகாதுன்னு தனியாப் பருப்பு வெச்சுக் குடுத்துது. பருப்புலயும் மீன் வாசம்தானுங்க. சொன்னா மருவாதியா? தின்னேன்.

அந்தம்மா தோட்டத்துலதான் அறுபது குழியும் வெட்டுனோம், மூணடிக்கு மூணடி. குழில ரெண்டு கை கல்லுப்புப் போட்டுட்டுத்தானுங்களே கன்னு வெக்கறது? எங்கப்பன் அப்படித்தான் வெச்சாரு, மாமனாரும் அப்படித்தான். நீங்களே சொல்லித்தான் குடுப்பீங்க, 'உப்ப மறந்துராதீங்கக்கா'ன்னு. நான் மறப்பனா? அந்த ஊருல உப்புக் கெடைக்குமோ கெடைக்காதோன்னு லாரில அரை மூட்டை போட்டுல்ல உட்டிருந்தேன். ஆமாங்க, கடலோரத்துக்கு. சிரிக்கறதுன்னா சிரிச்சுக்கங்க, திரும்பி நின்னு தோளக் குலுக்க வேண்டாம்.

மூட்டையப் பாத்துட்டு எங்கூட்டுக்காரரு, 'இந்த மண்ணுல கடலே படுத்து எந்திரிச்சுப் போயிருக்குது, நக்கிப் பாரு, இன்னும் உப்பெதுக்கு?'ன்னாரு. கட்டுன பொண்டாட்டிய மண்ண நக்கிப் பாருங்கறது ஒரு பேச்சுங்களா? அதும் சத்தெம்மா முன்னால. அதுக்கு மறுக்காவும் சிரிப்பு.

மத்தியானம் மீனத் தின்னுபோட்டு அவரு தூங்கிட்டாரு. சத்தெம்மா கொளத்துக்குத் துணி தொவைக்கப் போயிருச்சு. நான் சும்மா இருந்திருக்கலாமுங்க... இருக்கலே. முந்தானைல உப்பக் கட்டிட்டு ஒவ்வொரு குழியாப் போனேன். ரெண்டு கை போடற எடத்துல மூணு கை. நல்லா வரட்டும்னுதான் போட்டேன். கோவத்துலயும்தான் போட்டேன். இல்லேங்கலே. மேல மண்ணத் தள்ளி மூடிப்போட்டேன். சாயங்காலம் அவரு வந்து தன் கையாலயே கன்னு வெச்சாரு.

புரட்டாசில சத்தெம்மாகிட்ட இருந்து கடுதாசி. நமக்குத் தெலுங்கு பேசத்தான் வரும், எழுத்துத் தெரியாது. பீளமேட்டுல ஒரு வாத்தியாரு படிச்சுச் சொன்னாரு. ஓலை நுனி கருகி, குருத்துக் காஞ்சு, அறுபதும் போயிருச்சு. 'எங்க மண்ணுக்கு இன்னும் தெம்பு வரலீங்க, உங்க மேல தப்பில்லே'ன்னு எழுதியிருந்துது அந்தம்மா. எங்கூட்டுக்காரரு ஒத்துக்கலே. 'நான் வெச்ச கன்னு சாகாது, தம்பிதுரை சொத்தையக் குடுத்துட்டான்'னாரு. நான் பக்கத்துலதான் அரிசி பொடைச்சுட்டு இருந்தேன். இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு ரெண்டு மாசம் ஓட்டிப்போட்டேன். கோயில்ல உங்க சம்சாரம் என்னையக் கண்டுட்டு அந்தப் பக்கமாச் சுத்திப் போச்சு. அப்பவும் சொல்லலே.

நேத்துச் சாயங்காலம் பேனா பேப்பரு எடுத்துட்டு உக்காந்தாரு. உங்க பண்ணைய மூடோணும்னு மனுக் குடுக்கறதுக்கு. காப்பிய முன்னால வெச்சுட்டு எல்லாத்தையும் சொல்லிப்போட்டேன். மூணு கைங்கறது வரைக்கும். பேனாவ மூடி வெச்சாரு. காப்பியக் குடிச்சாரு. ஒரு வார்த்தை வையலீங்க. வஞ்சிருந்தாத் தேவலை.

கன்னு அறுபது வேணுமுங்க, நல்லதாப் பாத்து எடுத்து வைங்க. இந்தத் தடவை உப்பப் பத்தி எங்கிட்டச் சொல்லாதீங்க. அவருதான் வந்து கேக்கோணும்னு நீங்க நெனைக்கறது தெரியுது. வருவாரு. ஆனா அதுக்கு முந்தி நீங்க தெரிஞ்சுக்கோணும். இன்னைக்குக் காத்தால பஸ் ஸ்டாண்டு டீக்கடைல அத்தனை பேரு முன்னாலயும், 'தம்பிதுரை குடுத்தது நல்ல கன்னு, குழில உப்பப் போட்டுக் கொன்னது நாந்தான்'னு எங்கூட்டுக்காரரு சொல்லிப்போட்டு வந்துட்டாருங்க.